நற்செய்திக்கும் உரையாசிரியர்கள் உண்டு

தில்லியில் நம் சங்கங்கள் நடத்தும் திருக்குறள் போட்டிகளுக்கு நடுவராகப் போகும் வாய்ப்பு எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. குறளை ஒப்பித்துவிட்டு மேடையை விட்டு ஓடப் பார்க்கும் பிள்ளையை நிறுத்தி, "பொருள் சொல்லம்மா" என்று கேட்பது வழக்கம். மு.வ. உரையை மனப்பாடம் செய்த பிள்ளை அதைக் கடகடவென்று சொல்லும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, "பரிமேலழகர் இப்படிச் சொல்கிறார், மணக்குடவர் வேறு விதமாகச் சொல்கிறார்" என்று ஆரம்பித்தால் நடுவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மூலம் வேறு, உரை வேறு என்றாலும், உரையின் கையைப் பிடிக்காமல் மூலத்துக்குள் நெடுந்தூரம் போக முடியாது என்பது தமிழ் படித்த நம் எல்லோருக்கும் ஊறிப்போன பாடம்.

நான் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். மத்திய அரசு வேலையாகத் தில்லிக்கு வந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஐயரவர்கள் வர இயலாத ஞாயிறுகளில் எங்கள் தமிழ் ஆராதனையில் பிரசங்கம் செய்யும் பொறுப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் தலையில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை குறளுக்கு உரை கேட்கும் நான், ஞாயிற்றுக்கிழமை காலை நற்செய்தி நூலைக் கையில் எடுக்கும்போது அதற்கும் ஓர் உரை மரபு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த மரபைத் தேடிப் படிக்காமல் இனி நம் சபைகளில் பிரசங்க பீடம் ஏறக் கூடாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

"இது கிறிஸ்தவர்கள் சமாச்சாரம்" என்று மற்ற வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய நூல் ஒன்றை எப்படிப் படிப்பது, அதை ஊர்விட்டு ஊர் வந்து வளரும் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பது தேவாரம் ஓதும் வீட்டிலும், பிரபந்தம் சேவிக்கும் வீட்டிலும், குர்ஆன் ஓதும் வீட்டிலும் உள்ள கேள்விதானே.

இல்லாத வாசல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, செல்வந்தனான ஓர் இளைஞன் இயேசுவிடம் வந்த கதையைப் பற்றிப் பேசினேன். பணக்காரன் விண்ணரசில் நுழைவது எவ்வளவு கடினம் என்பதற்கு இயேசு ஒட்டகத்தையும் ஊசியின் காதையும் உவமையாகச் சொன்ன இடம் அது. நான் சிறு வயதில் கேட்ட விளக்கத்தை அப்படியே சொன்னேன். எருசலேம் மதிலில் "ஊசிக் காது" என்று ஒரு திட்டிவாசல் இருந்ததாம். இரவில் பெரிய கதவை அடைத்த பின் வந்து சேரும் ஒட்டகம், சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் அதன் வழியே உள்ளே போய்விடலாமாம். அதுபோலப் பணக்காரனும் தாழ்மையோடு முழங்காலிட்டால் போதும் என்று முடித்தேன். எல்லோருக்கும் திருப்தி.

ஆராதனை முடிந்து வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தில்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் ஒரு பெண் வந்தாள். "அங்கிள், அந்த வாசலைப் பற்றி எந்தப் புத்தகத்தில் இருக்கு? எனக்கு ஒரு கட்டுரைக்கு வேணும்" என்றாள்.

"பெரியவங்க சொல்லக் கேட்டதும்மா."

"எந்தப் பெரியவங்க அங்கிள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நண்பர் ஒருவர் உதவியால் ஓர் இறையியல் கல்லூரி நூலகத்தில் சில மாதங்கள் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நூற்றாண்டுகளில் இந்தப் பகுதிக்கு உரை சொன்னவர்கள் பலர். அலெக்சாந்திரியா நகரின் கிளெமெந்து என்பவர், எந்தப் பணக்காரன் மீட்புப் பெறுவான் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இந்த ஒரு பகுதிக்காகவே தனி நூல் செய்திருக்கிறார். அதே நகரின் ஆயராக இருந்து 444-ல் மறைந்த சிரில், இங்கே சொல்லப்படுவது ஒட்டகம் அல்ல, கப்பல் கட்டும் வடக்கயிறு என்று பொருள் கொள்கிறார். கிரேக்க மொழியில் இரண்டு சொல்லுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். ஒட்டகமோ கயிறோ, ஊசியின் காது அவர்களுக்கு ஊசியின் காதுதான். திட்டிவாசலைப் பற்றி அவர்கள் யாரும் பேசவில்லை. எருசலேமில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குப் பழைய சான்றும் கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து, மத்திய காலத்தில்தான் அந்தக் கதை தலைகாட்டுகிறது.

கிளெமெந்து பணக்காரர்களை விரட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செல்வம் ஒரு கருவி, அதைப் பிறருக்குப் பயன்படுத்துகிறவன் நல்லவன், அதற்கு அடிமையாகிறவன் கெட்டவன் என்கிறார். அலெக்சாந்திரியா பெரிய வணிக நகரம். அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களில் காசுள்ளவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் அவர்களுடைய வசதிக்காக ஊசியின் காதை அவர் வாசலாக்கவில்லை.

அடுத்த முறை பீடத்தில் நின்றபோது, "அன்று நான் சொன்ன வாசல் இல்லாத வாசல்; மன்னியுங்கள்" என்று சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் என் தோளில் கை போட்டு, "அந்த வாசல் இருந்தவரை கொஞ்சம் ஆறுதலாக இருந்தது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டு போனேன். முப்பது ஆண்டுகளாக நான் கொடுத்து வந்தது ஆறுதலா, நற்செய்தியா?

மூலத்துக்கு அருகில் நின்றவர்கள்

இவர்களைக் கத்தோலிக்கர் திருச்சபைத் தந்தையர் என்பர். நாங்கள் ஆதிச் சபைப் பிதாக்கள் என்போம். தமிழ் வாசகருக்கு எளிதாகச் சொல்வதென்றால், இவர்கள் நற்செய்தியின் உரையாசிரியர்கள். திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர்கள் பதின்மர் என்றும், அவற்றில் ஐந்து உரைகளே இன்று கிடைக்கின்றன என்றும் நாம் படித்திருக்கிறோம். பரிமேலழகர் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வள்ளுவருக்கும் அவருக்கும் நடுவே பல நூறு ஆண்டுகள். யோவான் நற்செய்தி முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. ஒரிகன் என்ற பேரறிஞர் அதற்கு உரை எழுதத் தொடங்கியது சுமார் 230-ல். இடைவெளி ஏறக்குறைய 130 ஆண்டுகள்தான். அவருடைய தாய்மொழியும் நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்கமே.

இதில் இன்னொரு சுவையான செய்தி. யோவான் நற்செய்திக்கு முதலில் உரை கண்டவராக நாம் அறிவது ஒரிகனை அல்ல, ஹெராக்ளியோன் என்பவரை. சபை ஏற்காத ஞானக் கொள்கையினர் அவர். அவருடைய நூல் மறைந்துவிட்டது. ஆனால் ஒரிகன் அவரை மறுப்பதற்காக வரிக்கு வரி எடுத்துக் காட்டியதால், அதில் பல பகுதிகள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. குண்டலகேசி முழுவதும் கிடைக்காத நிலையில், அதை மறுத்தெழுந்த நீலகேசியின் துணையால்தானே அதைப் பற்றிப் பலவும் அறிகிறோம்! எதிராளியின் கட்சியை முழுதாகச் சொல்லிவிட்டு மறுப்பது நம் தர்க்க மரபு மட்டுமல்ல என்று அறிந்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பல உரைகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் வழக்கமும் அங்கே உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் நான்கு நற்செய்திகளுக்கும் பழைய உரைகளை வசனம் வசனமாகக் கோத்து "பொற்சங்கிலி" என்ற பொருள் தரும் பெயரில் ஒரு தொகுப்புச் செய்தார். திருப்பனந்தாள் காசித் திருமடம் வெளியிட்ட திருக்குறள் உரைக்கொத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட நூல் என்று விளக்க வேண்டியதில்லை.

யமுனைக் கரையில் ஒரு கனவு

அலெக்சாந்திரியா நமக்கு அந்நிய ஊர் அல்ல. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிச் சென்ற யவனக் கலங்களின் சரக்கு போய்ச் சேர்ந்த இடம் அதுதான். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏடு வியன்னாவில் இருக்கிறது. முசிறி வணிகம் பற்றிய கடன் ஒப்பந்தமும் கப்பல் சரக்கின் மதிப்பும் அதில் உள்ளன. 1985-ல் அது அச்சில் வெளிவந்தது. அந்த ஏடு எழுதப்பட்ட அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வேதம் கற்பித்த பந்தேனுஸ் என்ற ஆசிரியர் இந்தியாவுக்கு வந்தார் என்றும், இங்கே ஏற்கெனவே மத்தேயு நற்செய்தி இருக்கக் கண்டார் என்றும் 4-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். அவர் சொல்லும் இந்தியா நம் நாடுதானா, அரேபியாவா, எத்தியோப்பியாவா என்று அறிஞர்களிடையே வழக்கு உண்டு. பந்தேனுஸின் மாணவர் கிளெமெந்து புத்தரின் பெயரையும் பிராமணர்களையும் தம் நூலில் குறிப்பிடுகிறார் என்பதில் வழக்கு இல்லை. மிளகு போன வழியில் செய்தியும் போயிருக்கிறது.

இந்த அலெக்சாந்திரியாவைத் தில்லிக்குக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1877-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து இளைஞர் சிலர் தில்லிக்கு ஊழியத்துக்கு வந்தனர். அவர்களை ஊக்கி அனுப்பியவர்களில் முக்கியமானவர் வெஸ்ட்கட் என்ற நற்செய்தி அறிஞர். கிரேக்க ஞானத்தோடு உரையாடிய பழைய அலெக்சாந்திரியப் பள்ளியைப் போல, இந்திய ஞானத்தோடு உரையாட யமுனைக் கரையில் ஒரு பள்ளி வேண்டும் என்பதே அவர்கள் கனவு. அவர்கள் 1881-ல் சாந்தினி சௌக்கின் கினாரி பஜாரில் ஒரு வீட்டில் தொடங்கியதுதான் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி. நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோமே, அதே கல்லூரிதான். அது எந்தக் கனவில் பிறந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

யோவான் நற்செய்தியின் ஆழத்தை உலகுக்கு எடுத்துக்காட்டும் உரை இந்தியாவிலிருந்துதான் வரும் என்று வெஸ்ட்கட் நம்பியதாகச் சொல்வார்கள். அந்தத் திசையில் முதல் அடிகளை எடுத்து வைத்தவர்களில் ஒருவர் தமிழர். 1891-ல் பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ.ஜே.அப்பாசாமி, யோவான் நற்செய்தியை நம் பக்தி இலக்கியத்தோடு வைத்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தார். 1927-ல் அவர் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். கிரேக்க ஞானத்தோடு நற்செய்தியை வைத்துப் படித்த அலெக்சாந்திரியரின் வேலையைத்தான் தம் மண்ணில் அவரும் செய்தார்.

தலைநகரத்துப் பிரசங்கி

உரையாசிரியர்களைப் படிப்பதால் என்ன லாபம்? கட்டுக்கதை குறையும் என்பது முதல் லாபம். அதைவிடப் பெரிய லாபம், நமக்குப் பிடிக்காததையும் அவர்கள் சொல்வார்கள்.

கிறிசோஸ்தோம் என்ற யோவானை எடுத்துக்கொள்வோம். "பொன்வாயர்" என்பது அவருடைய பட்டப்பெயரின் பொருள். அந்தியோக்கியாவில் பிரசங்கித்துப் புகழ் பெற்றவர், 398-ல் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பேராயரானார். அரசு அதிகாரிகளும், அரண்மனைப் பெண்களும், பட்டு வியாபாரிகளும் நிறைந்த ஊர். பேரரசியோடு மோதல் ஏற்பட்டு நாடு கடத்தப்பட்டார். 407-ல் வழிநடையிலேயே உயிர் விட்டார்.

மத்தேயு நற்செய்தி பற்றி அவர் ஆற்றிய 90 பிரசங்கங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 50-வது பிரசங்கத்தில் அவர் கேட்பதன் சாரம் இது: ஆலயத்துக்குள் கிறிஸ்துவின் பீடத்துக்குப் பட்டு விரிக்கிறாய், வெளியே குளிரில் ஆடையில்லாமல் கிடக்கிறவனும் அவர்தான் என்பதை மறக்கிறாய். பொற்கிண்ணம் செய்து வைக்கிறாய். அவர் பசித்துச் சாகிறார்.

இதைப் படித்தது ஒரு டிசம்பர் மாதம். காஷ்மீரி கேட் வழியாக வந்துகொண்டிருந்தேன். பல மாநிலங்களிலிருந்தும் பேருந்துகள் வந்து நிற்கும் இடம். பக்கத்தில் 1836-ல் பிரதிஷ்டையான செயின்ட் ஜேம்ஸ் ஆலயம். கொஞ்ச தூரத்தில் யமுனை. தில்லிக் குளிர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் வரிசையாகச் சாக்கும் பிளாஸ்டிக்கும் போர்த்திக்கொண்டு மனிதர்கள் படுத்திருந்தார்கள். எங்கள் சபையில் அந்த வாரம் முழுவதும் நடந்த விவாதம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எத்தனை அடி உயரத்தில் வைப்பது என்பது.

செசாரியாவின் பசிலியார் இன்னும் கடுமையானவர். 368-ஆம் ஆண்டை ஒட்டி அவர் ஊரில் பெரும் பஞ்சம் வந்தது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட மூட பணக்காரனின் உவமையை எடுத்துக்கொண்டு அவர் சொன்னதன் கருத்து: உன் அலமாரியில் இருக்கும் ரொட்டி பசித்தவனுடையது, உன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் மேலாடை ஆடையற்றவனுடையது. சொன்னதோடு நிற்கவில்லை. நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஊருக்கு வெளியே ஒரு பெரிய இல்லமே கட்டினார்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசனையோடு நான்கு ரஜாய், இரண்டு கம்பளி, போடாத ஸ்வெட்டர்கள். "யாராவது ஊரிலிருந்து வந்தால் வேண்டும்" என்று என் மனைவி எடுத்து வைத்தவை. தில்லித் தமிழர் வீடுகளில் இந்தப் பெட்டி இல்லாத வீடு குறைவு. 1600 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மனிதர் என் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து பேசியதுபோல் இருந்தது. பிரசங்கம் செய்கிறவனைத் தூங்க விடாத உரைதான் உரை.

வெளிப்பொருளும் உள்ளுறையும்

நல்ல சமாரியன் கதை எல்லோரும் அறிந்தது. கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கடந்து போக, அயலான் ஒருவன் தூக்கிச் சென்று சத்திரத்தில் சேர்க்கிறான். ஒரிகன் இதற்கு ஒரு மூத்தவர் சொன்ன விளக்கத்தை எடுத்துத் தருகிறார். விழுந்தவன் ஆதாம், எருசலேம் பரதீசு, எரிகோ உலகம், குரு நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. நம் அகப்பாட்டில் கருப்பொருளை வைத்து உள்ளுறை காணும் பயிற்சி உள்ளவருக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

அந்தியோக்கியப் பள்ளியைச் சேர்ந்தவர்களுக்கு இப்படி ஒவ்வொன்றுக்கும் மறைபொருள் தேடுவதில் அவ்வளவு விருப்பமில்லை. நூல் நேராகச் சொல்வதை முதலில் கேள் என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சியையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் நம் அறிவு கூர்மைப்படுகிறது. உள்ளுறையிலேயே மயங்கிவிட்டால் சாலையில் கிடப்பவனை மறந்துவிடுவோம். ஒரிகனே அந்தப் பிரசங்கத்தை முடிக்கும்போது, நாமும் போய்க் காயம் கட்ட வேண்டும் என்றுதான் முடிக்கிறார்.

சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்று பயந்து விலகிப் போவது நம் நாட்டின் நெடுநாள் நோய். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. அந்தப் பிரிவு, உதவுகிறவருக்கு இட்ட பெயரே "நல்ல சமாரியன்" என்பதுதான். இந்த ஊரில், இந்தச் சாலைகளில், இந்தக் கதையைப் பிரசங்கிக்கும் ஒருவர் பழைய உரையையும் புதிய சட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்களா?

பிள்ளைகளின் கேள்விகள்

இளைஞர்கள் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. 2003-ல் வந்த ஓர் ஆங்கில நாவலும், 2006-ல் வந்த அதன் திரைப்படமும் கிளப்பிவிட்டது அது. "325-ல் நிசேயாவில் மாநாடு கூடி, பேரரசருக்குப் பிடித்த நான்கு நற்செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிட்டார்களாமே?" வீட்டில் பெரியவர்கள், "அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டுகிறோம். அதட்டல் பதிலாகாது. நிசேயா மாநாட்டுக்குச் சுமார் 145 ஆண்டுகளுக்கு முன்பே, லியோன் நகர ஆயர் இரேனியு நற்செய்திகள் நான்கு என்று பெயர் சொல்லி எழுதிவிட்டார். நிசேயாவில் கூடியவர்கள் விவாதித்தது வேறு விஷயம். நற்செய்திகளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. 2025-ல் அந்த மாநாட்டின் 1700-ஆம் ஆண்டை உலகெங்கும் கொண்டாடினார்கள். இந்த இரண்டு வரியைச் சொல்லத் தெரியாத காரணத்தால் எத்தனை பிள்ளைகளை இழக்கிறோம்!

நம் அண்டை வீட்டாரைப் பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. "கிறிஸ்துவை அறியாத வள்ளுவர் எங்கே போவார்?" என்று ஒரு சிறுவன் என்னைக் கேட்டான். வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவர்களிடம் கற்றிருக்கக்கூடும் என்று ஜி.யு.போப் கருதினார், அதற்குச் சான்று இல்லை. அப்படி வலிந்து இழுக்க வேண்டிய தேவையும் இல்லை. 165-ஆம் ஆண்டை ஒட்டி உயிர்த்தியாகம் செய்த யுஸ்தீன், இறைவனின் வார்த்தை எல்லா மனிதரிடமும் விதையாக விழுந்திருக்கிறது என்றும், அதன்படி வாழ்ந்த சாக்ரடீசும் கிறிஸ்துவைச் சேர்ந்தவரே என்றும் எழுதினார். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு ஜாக் டுப்வீ 1948-ல் இந்தியாவுக்கு வந்து, குர்சியாங்கிலும், கல்லூரி 1972-ல் இடம் பெயர்ந்த பின் தில்லி வித்யாஜோதியிலுமாக 1984 வரை கற்பித்தவர். 1997-ல் அவர் சமயங்களின் பன்மை பற்றி எழுதிய பெருநூலில் யுஸ்தீன், இரேனியு, கிளெமெந்து ஆகியோரின் எழுத்துகளுக்கு முக்கிய இடம் உண்டு. ரோமில் அந்த நூலை விசாரித்து, ஐயங்களைக் குறித்து 2001-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பழைய உரை என்பது நூலக அலமாரியில் தூங்கும் விஷயம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

சில மறுப்புகள்

"எங்களுக்கு வேதம் மட்டும் போதும்" என்பார்கள் என் சபை நண்பர்கள். வேதமே போதும் என்ற லூத்தர், அகுஸ்தீன் பெயர் கொண்ட துறவற சபையில் வளர்ந்தவர். கால்வின், கிறிசோஸ்தோமின் பிரசங்கங்களைப் பிரெஞ்சு மொழியில் கொண்டுவர எண்ணி முன்னுரையே எழுதி வைத்தார். உரையைப் படிப்பதால் மூலம் சிறுமைப்படாது. உரை வேண்டாம் என்று சொல்லும் பிரசங்கியும் ஓர் உரையைத்தான் சொல்கிறார். அது அவருடைய சொந்த உரை.

"பழையவர்கள் சொன்னதெல்லாம் சரியா?" என்பது நியாயமான கேள்வி. சரியல்ல. ஏழைக்காக அப்படிப் பேசிய கிறிசோஸ்தோம், 386-387-ல் அந்தியோக்கியாவில் யூதர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சுகள் படிக்கக் கூசுகின்றன. பிற்காலத்தில் யூதரைத் துன்புறுத்தியவர்கள் அவற்றைக் கையில் எடுத்தார்கள். பெண்களைப் பற்றி இந்த ஆசிரியர்களில் பலர் எழுதியதை இன்று என் பேத்தியிடம் வாசிக்க முடியாது. பரிமேலழகர் வள்ளுவத்துக்குள் மனுவைக் கொண்டுவந்தார் என்று கண்டித்துக்கொண்டே, அவருடைய இலக்கண நுட்பத்துக்காக அவரைப் படிக்கிறோம் அல்லவா? அதே நிதானம் இங்கும் வேண்டும். உரையாசிரியர் நம் கையைப் பிடித்து நடத்தலாம். நம் கண்ணைக் கட்டக் கூடாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் நான் சொல்ல வரவில்லை. பிரசங்கம் செய்கிறவர் யாராயினும், அந்த வாரப் பகுதிக்கு ஒரு பழைய உரையாவது படித்துவிட்டு நிற்கட்டும். ஆங்கிலத்தில் இவை இன்று எளிதாகக் கிடைக்கின்றன. 1998 முதல் 2010 வரை 29 தொகுதிகளாக ஓர் உரைத் தொகுப்பே வந்திருக்கிறது. சொன்னவர் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்பதைப் பெயரோடு சொல்லட்டும். "ஒரு பெரியவர் சொன்னார்" என்பதை விட்டுவிடுவோம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. காஷ்மீரி கேட்டில் உள்ள ஐ.எஸ்.பி.சி.கே. பதிப்பகத்தின் தாய்ச் சங்கம்தான் அந்நாளில் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது. அங்கே 1714-15-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. 1995-ல் எல்லாச் சபையாரும் சேர்ந்து திருவிவிலியத்தைப் பொது மொழிபெயர்ப்பாகவே கொண்டுவந்துவிட்டோம். மூலத்துக்கு 300 ஆண்டுகளாக இவ்வளவு உழைத்த நாம், ஒரு சாதாரண விசுவாசி வாங்கிப் படிக்கும்படி, நல்ல தமிழில், எளிய விலையில் உரைக்கொத்து ஒன்று கொண்டுவரக் கூடாதா? தில்லியில் கிரேக்கம் அறிந்த குருக்கள் இருக்கிறார்கள். தமிழ் அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரே மேசையில் அவர்களை உட்கார வைப்பதுதான் பாக்கி.

மூன்றாவது, மாதம் ஒரு மாலை. கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் என்ற பேதமில்லாமல் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடி ஒரு பகுதியை இரண்டு உரைகளோடு படிக்கட்டும். சைவ, வைணவ நண்பர்களும் வரட்டும். ஈடு வியாக்கியானத்தில் பழகிய ஒருவர் ஒரிகனைக் கேட்டால் நமக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றும்.

எங்கள் சபையில் சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டைக் குறைத்துக்கொண்டு, கிறிசோஸ்தோமின் அந்த 50-வது பிரசங்கத்திலிருந்து ஒரு பக்கம் தமிழில் வாசிக்கச் செய்தோம். வாசித்தவள், "எந்தப் பெரியவங்க?" என்று என்னைக் கேட்ட அதே பெண். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். யாரும் இருமக்கூட இல்லை. மறுநாள் காலை எங்கள் ஆலய வராந்தாவில் பூச்சி உருண்டை வாசனையோடு பதினேழு ரஜாய்கள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் நான்கு எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து போனவை.

நட்சத்திரம் இந்த முறை கொஞ்சம் சிறியதுதான். உங்கள் பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்களேன்.